பழைய காரில் எரிபொருள் அழுத்தக் குறைவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டி இழுக்கவில்லை என்று சொன்னவுடனே "பம்ப் போய்விட்டது" என்ற முடிவுக்கு வந்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அழுத்தக் குறைவு என்பது கேஜில் (அழுத்தமானியில்) தெரியும் ஓர் எண். அது எந்தப் பாகம் கெட்டது என்பதைத் தானாகச் சொல்லிவிடாது. பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, எளியதிலிருந்து சிக்கலானது வரை கீழே தொகுத்திருக்கிறேன். இன்ஜெக்டர்கள் காற்று நுழையும் குழாயில் பெட்ரோலைத் தெளிக்கும் வகைக் கார்களை மனத்தில் வைத்தே பெரும்பாலான விடைகள் எழுதப்பட்டுள்ளன. கார்புரேட்டர் வண்டிகளுக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

எரிபொருள் அழுத்தம் குறைந்தால் வண்டிக்கு என்ன ஆகும்?

இன்ஜெக்டர் எத்தனை மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும் என்பதை மட்டுமே இ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) தீர்மானிக்கிறது. அந்த நேரத்துக்குள் எவ்வளவு பெட்ரோல் வெளியேறும் என்பது அழுத்தத்தைப் பொறுத்தது. பழைய கார்களில் பெரும்பாலும் அழுத்தத்தை அளக்கும் சென்சார் கிடையாது. அழுத்தம் சரியாக இருக்கிறது என்று நம்பியே இ.சி.யு. கணக்குப் போடுகிறது. அந்த நம்பிக்கை பொய்த்தால், காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் உள்ள கலவை எஞ்சினுக்குள் போகிறது. இதை லீன் கலவை என்பார்கள்.

வெளியேறும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். 3 பார் இருக்க வேண்டிய இடத்தில் 2.25 பார் மட்டுமே இருந்தால், அழுத்தம் கால் பங்கு குறைந்திருந்தாலும் பெட்ரோல் குறைவது சுமார் 13 சதவீதம்தான். அதனால்தான் சிறிய குறைவை ஐடிலிங்கில் (ஆக்ஸலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும் நிலையில்) எவரும் உணர்வதில்லை. ஆக்ஸிஜன் சென்சார் உள்ள காரில் இ.சி.யு. திறப்பு நேரத்தை நீட்டி அதை ஈடுகட்டிவிடுகிறது. ஈடுகட்ட முடியாத எல்லையை எட்டும்போதுதான் குறை வெளியே தெரிகிறது.

என் காருக்கு எவ்வளவு அழுத்தம் இருக்க வேண்டும்?

உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண் ஒன்றே இறுதியானது. தோராயமாகச் சொன்னால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர் உள்ள கார்களில் 2.5 முதல் 4 பார் வரை இருக்கும். த்ராட்டில் பாடியில் ஒன்றோ இரண்டோ இன்ஜெக்டர் மட்டும் உள்ள அமைப்புகளில் 1 பார் அளவே இருக்கும். பாஷின் கே-ஜெட்ரானிக் போன்ற, பெட்ரோல் இடைவிடாமல் தெளிக்கப்படும் இயந்திர அமைப்புகளில் அது 5 பாரை ஒட்டி இருக்கும். கார்புரேட்டருக்கு 0.2 முதல் 0.4 பார் போதும்.

கேஜ்கள் பலவகை அலகுகளைக் காட்டுவதால் குழப்பம் வருகிறது. 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ., அல்லது 100 கிலோபாஸ்கல்.

கேஜ் இல்லாமல், ஓட்டும்போதே கண்டுபிடிக்க முடியுமா?

சந்தேகப்படலாம், உறுதிசெய்ய முடியாது. காலையில் வெகுநேரம் கிராங்க் செய்தால்தான் (ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றினால்தான்) ஸ்டார்ட் ஆவது, ஆக்ஸலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் தயங்குவது, சமதளத்தில் ஒழுங்காக ஓடிய வண்டி ஏற்றத்தில் திணறுவது, அதிக வேகத்தில் முன்னும் பின்னுமாக வெட்டி இழுப்பது ஆகியவை வழக்கமான அடையாளங்கள். ஆனால் பலவீனமான இக்னிஷன் காயில், அழுக்கேறிய காற்றளவு சென்சார், அடைபட்ட கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) ஆகிய மூன்றுமே இதே அடையாளங்களைத் தரும். எனவே அறிகுறியை வைத்துப் பாகம் வாங்காதீர்கள்.

சாவியைத் திருப்பியதும் பம்ப் சத்தம் கேட்கிறது. அப்படியென்றால் பம்ப் நன்றாகத்தானே இருக்கிறது?

அந்த "ஊ" என்ற சத்தம் மோட்டார் சுழல்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. உள்ளே தேய்ந்துபோன பம்பும் சுழலும், வெறும் காற்றை உறிஞ்சும் பம்பும் சுழலும். பொதுவாகச் சாவியைத் திருப்பியதும் இ.சி.யு. சுமார் 2 விநாடி பம்பை ஓட்டிவிட்டு நிறுத்திவிடும். எஞ்சின் சுழல்கிறது என்ற சிக்னல் வந்த பிறகே மீண்டும் ஓட்டும். விபத்தில் எரிபொருள் கொட்டிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது.

சத்தமே கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, வயரிங் என்ற வரிசையில் பாருங்கள். சில கார்களில் மோதல் அதிர்ச்சியில் பம்பைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச் இருக்கும். ஆழமான குழியில் சக்கரம் இறங்கியதுகூட அதைத் தட்டிவிடப் போதுமானது. மேலே உள்ள பொத்தானை அழுத்தினால் மீண்டும் இணைந்துவிடும்.

கேஜ் வாங்கிவிட்டேன். எங்கே, எப்படிப் பொருத்துவது?

முதலில் உள்ளே இருக்கும் அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ கழற்றிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். குழாயில் மிச்சமுள்ள பெட்ரோல் தீர்ந்ததும் அது தானாக நின்றுவிடும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, எஞ்சின் ஆறிய பின், இணைப்பைச் சுற்றித் துணி வைத்துக்கொண்டு மெதுவாகத் தளர்த்துங்கள். பெட்ரோல் கடுங்குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியைத் தருவது. அதன் தீப்பற்று வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி செல்சியஸுக்கும் கீழே. ஆகவே திறந்த இடம், கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான் ஆகிய மூன்றும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. சூடாகும் பல்பு உள்ள கைவிளக்கும் வேண்டாம்.

பல கார்களின் இன்ஜெக்டர் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாயில்), டயர் வால்வைப் போன்ற சிறிய வால்வு மூடியுடன் இருக்கும். கேஜை அதில் நேரடியாகத் திருகிவிடலாம். அது இல்லாத கார்களில், ஃபில்டருக்கும் ரெயிலுக்கும் இடையிலுள்ள ரப்பர் ஹோஸில் டி வடிவ இணைப்பைப் போட வேண்டும். ஹோஸும் கிளிப்பும் இன்ஜெக்ஷன் அழுத்தத்தைத் தாங்கக்கூடியவையாக இருக்கட்டும். கார்புரேட்டர் ஹோஸ் 3 பாரில் பிதுங்கிக் கழன்றுவிடும். செப்பு வாஷர் உள்ள இணைப்பைத் திறந்தால் புதிய வாஷர்தான் போட வேண்டும். எல்லாம் முடிந்ததும், கழற்றிய ஃபியூஸையோ ரிலேயையோ பேட்டரி இணைப்பையும் மாட்டிவிட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று முறை திருப்பி, ஒவ்வோர் இணைப்பிலும் ஈரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த அடி.

நிற்கும்போது அளந்தால் எண் சரியாக இருக்கிறது. ஓடும்போதுதான் இழுக்கவில்லை. இது எப்படி?

தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அடைத்தால், தண்ணீர் மெலிதாக வந்தாலும் விரலில் அழுத்தம் தெரியும். விரலை எடுத்தால்தான் உண்மையில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது புலப்படும். ஐடிலிங்கில் எஞ்சின் குடிப்பது மிகக் குறைவு. களைத்த பம்பும் அடைபட்ட ஃபில்டரும்கூட அந்தச் சிறிய தேவையைச் சமாளித்து, கேஜில் சரியான எண்ணைக் காட்டிவிடும்.

ஆகவே குறை தோன்றும் அதே நிலையில் அளக்க வேண்டும். நீளமான ஹோஸ் உள்ள கேஜை பானட்டின் பின் விளிம்பு வழியாக வெளியே கொண்டுவந்து, முன் கண்ணாடியின் வெளிப்புறத்தில் டேப்பால் ஒட்டி, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து முள்ளைக் கவனிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் உள்ள ஹோஸைக் காருக்குள் கொண்டுவரக் கூடாது. மூன்றாவது கியரில் ஏற்றத்தில் முழுவதும் மிதிக்கும்போது முள் 3 பாரில் தொடங்கி 2.6, 2.2 என்று வழுக்கிக்கொண்டே இறங்கினால், காலை எடுத்ததும் சட்டென்று மேலே வந்து நின்றால், எரிபொருள் போதிய அளவில் வந்து சேரவில்லை என்பது உறுதி. முள் அசையாமல் நின்றும் வண்டி இழுக்கவில்லை என்றால் குறையை வேறு இடத்தில் தேடுங்கள்.

இதே கேள்விக்கு அளவுச் சோதனையும் விடை தரும். மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி அளவு குறித்த கலனில் விட்டு, பம்பை 30 விநாடி ஓட்டினால், பெரும்பாலான நான்கு சிலிண்டர் கார்களில் அரை லிட்டருக்கு மேல் வர வேண்டும். குமிழிகள் நிறைந்து வந்தால், பம்புக்கு முந்தைய பக்கத்தில் காற்று நுழைகிறது என்று பொருள்.

அழுத்தம் குறைவாகவே இருக்கிறது. இப்போதாவது பம்பை மாற்றலாமா?

இன்னும் இல்லை. டேங்கை இறக்குவதற்கு முன்னால் பம்புக்கு வந்து சேரும் வோல்டேஜை அளந்தே ஆக வேண்டும். பழைய காரில் இந்த ஒரு சோதனையைத் தவிர்ப்பதால்தான் நல்ல பம்புகள் குப்பைக்குப் போகின்றன என்பது என் உறுதியான கருத்து.

பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அளப்பதுதான் முக்கியம். கனெக்டரைக் கழற்றிவிட்டு அளந்தால், ஒரே ஓர் இழை மிச்சமிருக்கும் வயர்கூட 12 வோல்ட்டைக் காட்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையைப் பம்ப் கனெக்டரின் பாசிட்டிவிலும் வையுங்கள். மீட்டர் காட்டும் எண்தான் வழியில் தொலைந்த வோல்டேஜ், அது 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அதேபோல் பம்பின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையில் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் ரிலேயின் கரிந்த முனைகள், பச்சை பூத்த கனெக்டர், எர்த் போல்ட் ஆகிய இடங்களைப் பாருங்கள். டிக்கியின் விரிப்புக்குக் கீழே, பெயின்ட்டுக்கும் துருவுக்கும் நடுவே இறுக்கப்பட்டிருக்கும் எர்த் போல்ட் வெளியிலிருந்து பார்க்க உறுதியாகவே தெரியும். அதைக் கழற்றினால் வளையத்தின் அடியில் பழுப்புத் தூள் படிந்திருக்கும். அதைச் சுரண்டி மினுக்கி மீண்டும் இறுக்கிய உடனே அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்புவதுண்டு.

ஒரு விலக்கு: சில கார்களில் ஐடிலிங்கின்போது பம்பின் வேகத்தைக் குறைப்பதற்காகவே ரெசிஸ்டரோ கட்டுப்பாட்டுப் பெட்டியோ வைத்திருப்பார்கள். அங்கே குறைந்த வோல்டேஜ் இயல்பானது. வயரிங் படத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ரெகுலேட்டர் கெட்டிருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

ரிட்டர்ன் லைன் உள்ள கார்களில், ரெயிலின் ஓரத்தில் சிறிய உலோகக் குமிழ் போல ரெகுலேட்டர் இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய வேக்குவம் ஹோஸ் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும். ஐடிலிங்கில் அந்த ஹோஸைக் கழற்றினால் அழுத்தம் சுமார் அரை பார் ஏற வேண்டும். மாட்டினால் இறங்க வேண்டும். இன்ஜெக்டரின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாட்டை எப்போதும் ஒரே அளவில் வைத்திருப்பதே இதன் வேலை. எண் அசையவில்லை என்றால், ஹோஸில் வேக்குவம் வருகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள்.

கழற்றிய ஹோஸை முகர்ந்தும் பாருங்கள். அதற்குள் ஒரு சொட்டு பெட்ரோல் இருந்தாலும் உள்ளேயுள்ள டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்துவிட்டது. வேறு சோதனையே தேவையில்லை.

ரிட்டர்ன் ஹோஸை அழுத்திப் பிடித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

செய்யலாம், ஆனால் ரப்பர் ஹோஸாக இருக்க வேண்டும், வழுவழுப்பான வாயுள்ள கிளாம்ப் வேண்டும், ஓரிரு விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. நைலான் குழாயை அழுத்தினால் அது விரிசல் விட்டுவிடும்.

திரும்பிப் போகும் வழி அடைபட்டதும் நல்ல பம்ப் உடனே 5 பாரைத் தாண்டி எகிறும். அப்படி எகிறினால் பம்ப், ஃபில்டர், வோல்டேஜ் மூன்றும் தப்பித்தன. ரெகுலேட்டர்தான் பெட்ரோலைத் தேவைக்கு மேல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது என்று பொருள். எகிறாமல் 2 பாரிலேயே தேங்கினால் குறை ரெகுலேட்டருக்கு முன்னால் இருக்கிறது. சில விநாடி வேலையில் பாதிப் பாகங்களைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதால் இந்தச் சோதனைக்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்கிறேன்.

ஃபில்டரை மாற்றினால் போதுமா?

சில நேரம் போதும். மாற்றிய வரலாறு தெரியாத காரில் அதை மாற்றிவிடுவதில் நட்டமும் இல்லை. ஆனால் பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாதீர்கள். அதன் உள்வரும் பக்கத்தைக் கீழே கவிழ்த்து, மிச்சமுள்ள பெட்ரோலை ஒரு வெள்ளைத் தட்டில் வடியவிடுங்கள். செம்பழுப்புத் துகள் வந்தால் டேங்க் உள்ளே துருப்பிடிக்கிறது. மிருதுவான கருந்துகள் வந்தால் எங்கோ ஒரு ரப்பர் ஹோஸ் உள்ளிருந்து உதிர்கிறது. தட்டின் அடியில் தனிக் குமிழாக உருண்டு, பெட்ரோலுடன் கலக்காமல் நிற்பது தண்ணீர். இந்த மூன்றில் எது வந்தாலும் புதிய ஃபில்டரும் விரைவில் அடைபடும். டேங்க் வரைக்கும் போய்ச் சுத்தம் செய்துதான் தீர வேண்டும்.

காலையில் வெகுநேரம் கிராங்க் செய்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. பிறகு நாள் முழுவதும் குறையே இல்லை. ஏன்?

எஞ்சினை நிறுத்திய பின் குழாயில் தேங்கி நிற்க வேண்டிய அழுத்தம் எங்கோ கசிந்து போகிறது. கேஜ் இல்லாமலே இதைச் சோதிக்கலாம்: ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மூன்று முறை திருப்பி, ஒவ்வொரு முறையும் பம்ப் சத்தம் ஓயும்வரை காத்திருந்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்துக்கொண்டால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி.

கசிவு எங்கே என்பதற்குக் கேஜ் வேண்டும். அழுத்தம் ஏற்றி, பம்ப் நின்றவுடன், ரெயிலுக்கு வரும் ஹோஸைக் கிளாம்ப் செய்யுங்கள். கேஜ் கிளாம்புக்கும் ரெயிலுக்கும் இடையில் இருக்க வேண்டும். இப்போது முள் இறங்காமல் நின்றால் குறை டேங்க் பக்கம். பெட்ரோல் திரும்பி ஓடாமல் தடுக்கும், பம்பின் செக் வால்வோ டேங்குக்குள் உள்ள ஹோஸோ கசிகிறது. இறங்கினால், மீண்டும் அழுத்தம் ஏற்றி ரெயிலுக்கு வரும் ஹோஸையும் ரிட்டர்ன் ஹோஸையும் கிளாம்ப் செய்யுங்கள். நின்றால் ரெகுலேட்டர், அப்போதும் இறங்கினால் இன்ஜெக்டர். சொட்டும் இன்ஜெக்டரின் சிலிண்டரில் ஸ்பார்க் பிளக் கரி படிந்திருப்பதும், சூடான எஞ்சின் மீண்டும் ஸ்டார்ட் ஆகும்போது கரும்புகை வருவதும் துணைச் சான்றுகள். சூடான எஞ்சினில், நிறுத்திய சில நிமிடங்களுக்கு முள் ஏறுவது குறை அல்ல. வெப்பத்தால் பெட்ரோல் விரிவதே காரணம்.

அரை மணி நேரம் ஓடியதும் திணறி நின்றுவிடுகிறது. சற்று விட்டுப் பிடித்தால் மறுபடி ஓடுகிறது. பம்ப் சூடாகிறதா?

அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் அதற்கு முன் இலகுவாகப் பார்க்கக்கூடியவை மூன்று இருக்கின்றன. நின்றவுடனே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, வண்டியும் உடனே ஸ்டார்ட் ஆனால், டேங்குக்குள் காற்று புகும் வழி அடைபட்டிருக்கிறது. பம்ப் வெற்றிடத்தை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தது. மூடியின் வால்வையும் ஆவி சேமிக்கும் கரிப்பெட்டிக்குப் போகும் குழாயையும் பாருங்கள்.

அடுத்தது பம்பின் அடியிலுள்ள வலைப்பை. டேங்கின் கசடு உறிஞ்சப்பட்டு அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். வண்டி நின்றதும் உதிர்ந்துவிடும். ஓடத் தொடங்கியதும் மீண்டும் ஒட்டும். மூன்றாவது ரிலே. அதன் உள்ளேயுள்ள சால்டரில் மயிரிழை விரிசல் இருந்தால், வெயிலில் சூடேறி இணைப்பு விலகி, ஆறியதும் சேர்ந்துகொள்ளும். நின்ற நேரத்தில் பம்ப் கனெக்டரில் வோல்டேஜ் இருக்கிறதா என்று பார்த்தால் ரிலேயா பம்பா என்பது பிரிந்துவிடும். வோல்டேஜ் முழுதாக இருந்தும் மோட்டார் சுழலவில்லை என்றால் பம்ப்தான் குற்றவாளி.

டேங்கின் அடியில் தட்டினால் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. அப்படியே ஓட்டலாமா?

வேண்டாம். மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து கம்யூட்டேட்டரைத் தொடாமல் நிற்கிறது. தட்டும் அதிர்வில் தொடுகிறது. வோல்டேஜ் சோதனையில் வயரிங் தேறியிருந்தால், இந்த நிலையில் பம்பை மாற்றத் தயங்க வேண்டியதில்லை.

என் காரில் ரிட்டர்ன் லைனே இல்லை. மேலே சொன்னவை பொருந்துமா?

ரெகுலேட்டர் டேங்குக்குள் பம்புடன் சேர்ந்தே இருக்கும் அமைப்பு அது. வேக்குவம் ஹோஸ் சோதனையும் ரிட்டர்ன் ஹோஸ் சோதனையும் இதற்குக் கிடையாது. அழுத்தம் பெரும்பாலும் 3.5 முதல் 4 பார் வரை, எஞ்சின் வேகம் எதுவானாலும் மாறாமல் நிற்க வேண்டும். ஓட்டிப் பார்க்கும் சோதனையும் வோல்டேஜ் சோதனையும் அப்படியே பொருந்தும்.

ஸ்கேனரில் பி 0171 என்ற குறைக் குறியீடு வருகிறது. இது அழுத்தக் குறைவா, எங்காவது காற்றுக் கசிவா?

கலவை லீனாக இருக்கிறது என்பதற்கு மேல் அந்தக் குறியீடு எதுவும் சொல்வதில்லை. ஃபியூயல் ட்ரிம் எனப்படும், இ.சி.யு. பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்த எண்ணை, எஞ்சினின் வெவ்வேறு நிலைகளில் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி. காற்றுக் கசிவு இருந்தால் ஐடிலிங்கில் திருத்தம் மிக அதிகமாகவும், 2500 சுற்றுக்கு ஏற்றினால் குறைந்தும் தெரியும். கசியும் காற்றின் அளவு பெரிதாக மாறாது, எஞ்சின் குடிக்கும் மொத்தக் காற்று கூடுவதால் அதன் பங்கு சிறுத்துவிடும். எரிபொருள் பற்றாக்குறையில் இது தலைகீழ். ஐடிலிங்கில் சுழியத்தை ஒட்டியிருக்கும் எண், சுமை கூடக்கூட 10, 15, 20 சதவீதம் என ஏறும்.

காற்றளவு சென்சார் அழுக்கேறினாலும் சுமையில் ஏறும் என்பது இங்குள்ள சிக்கல். அதனால் ட்ரிம் காட்டும் திசையைக் கேஜுடன் ஓட்டிப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். குறியீடு எதுவும் வரவில்லை என்பதால் அழுத்தம் சரி என்றும் எண்ணிவிடாதீர்கள். அழுத்தக் குறைவை நேரடியாகச் சொல்லும் பி 0087, அதற்கான சென்சார் உள்ள கார்களில்தான் வரும்.

என்னுடையது கார்புரேட்டர் வண்டி. எங்கிருந்து தொடங்குவது?

டேங்கிலிருந்து எஞ்சின் வரையுள்ள ஹோஸ்களிலிருந்து. எஞ்சினில் உள்ள இயந்திர பம்ப் பெட்ரோலைத் தள்ளுவதற்கு முன் அதை உறிஞ்சி இழுக்க வேண்டும். உறிஞ்சும் பக்கத்து ஹோஸில் மெல்லிய விரிசல் இருந்தால் சொட்டு வெளியே தெரியாது. காற்றுதான் உள்ளே போகும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் ஹோஸையும் வளைத்துப் பார்த்துவிடுங்கள்.

பிறகு எஞ்சின் ஆயிலின் டிப்ஸ்டிக்கை எடுத்து முகருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் பம்பின் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்க வாய்ப்புண்டு. ஆயிலை மாற்றாமல் ஓட்டினால் பேரிங்குகள் கெடும். இன்ஜெக்ஷன் காரின் மின்சார பம்பை இதில் பொருத்தும் யோசனை வேண்டாம். அந்த அழுத்தத்தில் மிதவை அறையின் ஊசி வால்வு தாங்காமல் பெட்ரோல் வழிந்தோடும்.

புதிய பம்ப் போட்டாகிவிட்டது. வோல்டேஜும் சரி. ஆனாலும் அழுத்தம் 1.5 பாருக்கு மேல் ஏறவில்லையே?

டேங்குக்குள் பம்பையும் வெளிக்குழாயையும் இணைக்கும் சாண் நீளத்துக்கும் குறைவான ஹோஸைப் பாருங்கள். பம்பை மாற்றும்போது பழைய ஹோஸையே திரும்பப் போட்டிருந்தாலோ, கடையில் கிடைத்த சாதாரண எரிபொருள் ஹோஸை வெட்டிப் போட்டிருந்தாலோ இது நடக்கும். சாதாரண ஹோஸின் உள்பக்கம் மட்டுமே பெட்ரோலைத் தாங்கும். வெளிப்பக்கமும் மூழ்கிக் கிடக்கும்போது அது ஊறி, பிசுபிசுத்து, கிளிப்புக்குப் பக்கத்தில் நீளவாக்கில் பிளக்கிறது. பம்ப் தள்ளும் பெட்ரோலில் பாதி அந்தப் பிளவு வழியாக டேங்குக்குள்ளேயே கொட்டிவிடும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. டேங்கின் வாயில் காதை வைத்தால் உள்ளே பீய்ச்சியடிக்கும் சத்தம் கேட்கும். மூழ்கிக் கிடப்பதற்கென்றே தயாரிக்கப்படும் ஹோஸ் தனியாக உண்டு, எஸ்.ஏ.இ. 30ஆர்10 என்ற குறி அதன்மேல் இருக்கும்.

பம்பின் மேல்பகுதியில் ஓ-ரிங் இருந்தால் அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பம்ப் எடுக்கும் கரண்டை அளந்தால் பயன் உண்டா?

நிரம்ப உண்டு, டேங்கை இறக்காமலே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடும். ரிலேயைக் கழற்றி, 30, 87 என்று குறித்த முனைகளுக்கு இடையே ஃபியூஸ் உள்ள வயர் வழியாக ஆம்பியர் மீட்டரை இணைத்தால் பம்ப் தொடர்ந்து ஓடும். இவ்வகைக் கார்களில் 4 முதல் 8 ஆம்பியர் வரை வழக்கமானது.

அழுத்தமும் கரண்டும் இரண்டுமே குறைவு, வோல்டேஜ் சரி என்றால், பம்ப் சுமையில்லாமல் சுழல்கிறது: உள்ளே தேய்ந்திருக்கலாம், வலைப்பை அடைபட்டுப் பெட்ரோல் வராமல் இருக்கலாம், அல்லது முந்தைய விடையில் சொன்ன ஹோஸ் பிளந்திருக்கலாம். அழுத்தம் குறைவு, கரண்ட் அதிகம் என்றால் மோட்டார் இறுகிச் சுழல்கிறது, அல்லது ஃபில்டர் அடைபட்டு அதற்கு முன்பக்கத்தில் அழுத்தம் தேங்குகிறது. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அளந்தால் இரண்டும் பிரியும்.

டைரக்ட் இன்ஜெக்ஷன், டீசல் கார்களுக்கும் இதையே செய்யலாமா?

கூடாது. காமன் ரெயில் டீசலில் 1000 பாரைத் தாண்டிய அழுத்தம் இருக்கும்; அதன் கசிவு தோலைத் துளைத்து உள்ளே புகும், அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. டைரக்ட் இன்ஜெக்ஷன் பெட்ரோலில் எஞ்சின் பக்கத்து உயர் அழுத்தக் குழாயைத் தொடாமல், டேங்கிலிருந்து வரும் குறைந்த அழுத்தப் பகுதியில் மட்டும் இங்குள்ள வோல்டேஜ், ஃபில்டர் சோதனைகளைச் செய்யலாம்.

அழுத்தம், அளவு, வோல்டேஜ் எல்லாம் சரியாக இருந்தும் இழுக்கவில்லை என்றால்?

பெட்ரோல் ரெயில் வரை ஒழுங்காக வருகிறது. அதற்குப் பிறகு தேடுங்கள். இன்ஜெக்டர் நுனியில் படிவு இருந்தால் அழுத்தம் முழுதாக இருந்தும் தெளிப்பு குறையும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைபட்டிருந்தால் எஞ்சின் மூச்சுவிட முடியாமல் திணறும். முழுவதும் மிதித்த நிலையில் ஆக்ஸிஜன் சென்சாரின் வோல்டேஜ் இவற்றைப் பிரித்துக் காட்டும். வழக்கமான வகைச் சென்சாரில் அது 0.8 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பெட்ரோல் போதுமான அளவு கிடைக்கிறது. வெளியேறும் வழியையும் இக்னிஷனையும் பாருங்கள். 0.2 வோல்ட்டை ஒட்டி விழுந்தால் இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் ஒரே அளவு தெளிக்கிறதா என்று சோதனை மேடையில் ஒப்பிட்டுப் பார்க்கவும், காற்றளவு சென்சாரைச் சுத்தம் செய்யவும் வேண்டும்.